இடுப்பில் துப்பாக்கி... பாதுகாப்பா, ஆபத்தா?

அமெரிக்காவில் மகன் வீட்டுக்கோ, மகள் வீட்டுக்கோ போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். "கடையில ஒருத்தர் இடுப்புல துப்பாக்கியோட சாமான் வாங்கிட்டு இருந்தார்!" என்று சிலராவது சொல்வார்கள். நம் ஊரில் போலீஸ்காரர்களிடம் மட்டுமே பார்த்துப் பழகிய நமக்குத் தூக்கிவாரிப் போடத்தானே செய்யும்!

'இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேண்டாமா?' என்பீர்கள். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூயார்க்கில் தகுந்த காரணம் காட்டினால்தான் துப்பாக்கியோடு வெளியே போக அனுமதி கிடைக்கும் என்று நூறு வருஷத்துக்கும் மேலாக விதி இருந்தது. 2022-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டது. அங்கே பர்மிட் இன்னும் தேவைதான். காரணம் மட்டும் சொல்ல வேண்டாம். டெக்ஸாஸ் 2021-லும், புளோரிடா 2023-லும் பர்மிட்டே வேண்டாம் என்று சட்டம் கொண்டுவந்தன. பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் இதே வழியில்தான்!

இரண்டு கட்சிகள்

"திருடன் பர்மிட் வாங்கிட்டா வர்றான்? நல்லவன் கையிலயும் ஆயுதம் இருக்கட்டும்" என்பது ஒரு கட்சி. "வாய்த்தகராறில் முடிய வேண்டியது கொலையில் முடியுமே!" என்பது எதிர்க்கட்சி.

துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்று 1998-ல் ஜான் லாட் என்ற பொருளாதார நிபுணர் புத்தகமே எழுதினார். 2004-ல் இதை ஆராய்ந்த தேசிய ஆராய்ச்சி கவுன்சில் குழு, அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. ஜான் டோனஹ்யூ குழுவினர் 2019-ல் வெளியிட்ட ஆய்வோ, பர்மிட் விதிகளைத் தளர்த்திய மாநிலங்களில் பத்து வருஷத்தில் வன்முறைக் குற்றங்கள் 13 முதல் 15 சதவிகிதம் கூடுதலாக இருந்ததாகக் கணக்கிட்டது.

டாக்டர்களின் கவலை

தெருவைப் பற்றித்தான் இத்தனை வாக்குவாதமும். டாக்டர்களோ வீட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். அதாவது, பாதிக்கும் மேல்!

தற்கொலை எண்ணம் பலருக்கு ஓர் அலை மாதிரி வந்து போவது. அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள். கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் மனசு மாறவே அவகாசம் கிடைப்பதில்லை. அப்படி முயன்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைப்பதில்லை.

குழந்தைகள் விஷயமும் இப்படித்தான். அங்கே 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு 2020-ல் முதல் காரணமாக வந்து நின்றது கார் விபத்து அல்ல, துப்பாக்கி!

நீங்கள் செய்யக்கூடியவை

உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால் இதையெல்லாம் சொல்லி வையுங்கள்:

* பேரக்குழந்தை வேறு வீட்டுக்கு விளையாடப் போகிறதா? "துப்பாக்கி இருக்கா, பூட்டி வெச்சிருக்கீங்களா?" என்று கேட்கக் கூச்சமே வேண்டாம். அங்குள்ள குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள்.

* வீட்டில் துப்பாக்கி இருந்தால் குண்டுகளை எடுத்துவிட்டுப் பூட்டி வைக்க வேண்டும். குண்டுகளைத் தனியாக வேறு இடத்தில் பூட்ட வேண்டும். சாவி பிள்ளைகள் கண்ணிலேயே படக்கூடாது.

* வீட்டில் யாராவது மனம் உடைந்து போயிருந்தால், அவர்கள் தேறும் வரை துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கவே வேண்டாம். அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்து ஆலோசனை கேட்கலாம்.

தெருவில் யார் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கோர்ட்டும் சட்டசபையும் முடிவு செய்யட்டும். வீட்டு அலமாரியைப் பூட்டுவதற்கு யாருடைய தீர்ப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லையே!