அக்கரைக் கணக்கு – 9: உறைந்த பென்ஷன்

வடுகபட்டிப் பூண்டுக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது என் தாய்மாமா வீடு. கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிவரும் பூண்டு மூட்டைகளின் வாசம் அவர் வீட்டுக் கூடம்வரை வரும். கூடத்து அலமாரியில், கடைக்காரர்கள் வரவு செலவு எழுதுகிற நீள நோட்டு ஒன்றை மாமா வைத்திருக்கிறார். 2012இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய மாதம் தொடங்கிய நோட்டு. முதல் கட்டத்தில் தேதி, இரண்டாவதில் பவுண்டு, மூன்றாவதில் ரூபாய். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரி.

இரண்டாவது கட்டத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே போனேன். 429.80. 429.80. 429.80. பக்கத்தைத் திருப்பினால் அங்கும் அதே எண்.

“என்ன மாமா, பதிமூணு வருசமா ஒரே தொகையா?”

“ஆமா மாப்ள. கூட வேலை பார்த்தவனுக்கெல்லாம் வருசா வருசம் ஏறுது. எனக்கு ஏறாது. நான்தான் ஊருக்கு வந்துட்டேன்ல.”

ஊருக்கு வந்ததற்கு ஓர் அரசாங்கம் இப்படியும் விலை வைக்குமா என்று அன்றுதான் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

சென்ற வாரம் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்தோம். அந்த நாடுகள் அவர்களை எத்தனை ஆண்டு வேலை வாங்கினாலும் குடிமக்களாக ஏற்றதில்லை. குடிமகனாக ஏற்கப்பட்டு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு சொந்த ஊருக்கு வந்து முதுமையைக் கழிப்பவர்களின் கதை வேறு. அவர்களை இரண்டு நாடுகளும் ஏற்றுக்கொள்கின்றன, இரண்டுமே பாதியளவில்.

ஏறும் பென்ஷன், ஏறாத பென்ஷன்

பிரிட்டனின் அரசு பென்ஷன் தேசியக் காப்பீட்டுச் சந்தாவை அடிப்படையாகக் கொண்டது. மாமா பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் 35 ஆண்டுகள், பெரும்பாலும் இரவு ஷிப்டில் வேலை பார்த்தார். வாராவாரம் அவர் சம்பளத்திலிருந்து அந்தச் சந்தாவைப் பிடித்தார்கள். 65 வயது முடிந்தபோது அடிப்படைப் பென்ஷன் முழுத் தொகையாக வாரத்துக்கு 107.45 பவுண்டு நிர்ணயமானது. 2012-13க்கான தொகை அது.

ஒவ்வோர் ஏப்ரலிலும் இந்தத் தொகை உயரும். விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு உயர்த்துவது என்று பிரிட்டிஷ் அரசு 2010இல் கொள்கை வகுத்தது. அப்படி ஏறி ஏறி, அதே அடிப்படைப் பென்ஷன் 2025-26இல் வாரத்துக்கு 176.45 பவுண்டு ஆகிவிட்டது. மாமாவோடு ஒரே வரிசையில் நின்று, ஒரே அளவு சந்தா கட்டி, அங்கேயே தங்கிவிட்ட நண்பருக்கு இந்த உயர்வு கிடைக்கிறது. ஸ்பெயினில் குடியேறியவருக்கும், அமெரிக்காவுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ போனவருக்கும் கிடைக்கிறது. இந்தியாவுக்கு வந்தவருக்கோ, வந்த நாளின் தொகையோடு நின்றுவிடுகிறது.

காரணம் எளிது. ஐரோப்பிய நாடுகளிலும், பென்ஷன் உயர்வுக்கு வகைசெய்யும் ஒப்பந்தம் பிரிட்டனோடு செய்துகொண்ட நாடுகளிலும் இருப்பவர்களுக்கே ஆண்டு உயர்வு உண்டு. இந்தியாவுக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பாகிஸ்தான் எல்லாம் இதே பட்டியலில்தான். உலகெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படி உறைந்த பென்ஷனில் வாழ்கிறார்கள். மாமா பேரனைப் பார்க்க பர்மிங்காம் போனால், அங்கே இருக்கும் வாரங்களுக்கு மட்டும் உயர்ந்த தொகையைக் கேட்டுப் பெறலாம். விமானம் ஏறியதும் பழைய 107.45தான்.

இந்த இழப்பு மாமா கண்ணில் பல ஆண்டுகள் படவில்லை. நோட்டின் மூன்றாவது கட்டம்தான் அதை மறைத்தது. 2012இல் ஒரு பவுண்டு 85 ரூபாயை ஒட்டி இருந்தது. இப்போது 115ஐத் தாண்டிவிட்டது. ரூபாய் இறங்க இறங்க அவர் கையில் கூடுதல் ரூபாய் வந்தது. அதைப் பென்ஷன் உயர்வு என்றே நினைத்திருந்தார். மருந்துச் சீட்டும் காய்கறி விலையும் அந்த உயர்வைத் தின்று தீர்த்த பிறகுதான் இரண்டாவது கட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். 2025-26 கணக்குப்படி வாரத்துக்கு 69 பவுண்டு குறைகிறது. நான்கு வாரத்துக்கு 276 பவுண்டு. நம் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

பென்னிகுயிக் காலத்து நியாயம்

இதைப் படிக்கும்போது நம் பள்ளத்தாக்கின் இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது. பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் வேலை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. அந்த ஆண்டுகளில் ரூபாய் பலமாகச் சரிந்துகொண்டிருந்தது. 1870களின் தொடக்கத்தில் இரண்டு ஷில்லிங்கை ஒட்டியிருந்த ஒரு ரூபாய், 1890களின் நடுவில் ஒரு ஷில்லிங் சில பென்ஸ் என்று ஆகிவிட்டது. இந்தியாவில் ரூபாயில் சம்பளம் வாங்கி, பிள்ளைகளின் படிப்புக்கு இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பிய ஐரோப்பிய அதிகாரிகளுக்கு அது பெரிய அடி. அரசு சும்மா இருக்கவில்லை. 1893இல் அவர்களுக்கு நாணய மாற்று இழப்பீட்டுப் படி வழங்கியது.

வேலை முடிந்து கப்பல் ஏறிய அதிகாரிகளின் பென்ஷனும் லண்டனில் பவுண்டில் தரப்பட்டது. அந்தப் பணம் இந்திய வரிப்பணம். இந்திய வருவாயிலிருந்து ஆண்டுதோறும் லண்டனுக்குப் போன இப்படிப்பட்ட செலவுகளைத்தான் தாதாபாய் நௌரோஜி தேசத்தின் ரத்தக் கசிவாகக் கணக்கிட்டுக் காட்டினார்.

பென்னிகுயிக்கைக் குறைத்துப் பேச இதை எழுதவில்லை. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பொங்கல் நாளில் அவர் படத்துக்கு மாலை போடும் வீடுகள் இங்கே உண்டு. அந்த நன்றி நியாயமானது. என் கேள்வி வேறு. கடல் கடந்து உழைத்தவர் முதுமையில் சொந்த மண்ணுக்குத் திரும்பும்போது அவர் பணத்தின் மதிப்பு கரையக் கூடாது என்பது அன்றைக்கு ஓர் அரசுக்குப் புரிந்திருந்தது. அடுத்தவர் வரிப்பணத்தில் அதைச் செய்தார்கள். இன்று மாமா கேட்பது அவரே கட்டிய சந்தாவின் பலனை. அதற்கு ஏன் அந்த நியாயம் பொருந்தவில்லை?

நீதிமன்றமும் உதவவில்லை. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி தொடுத்த வழக்கை, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2005இல் நிராகரித்தது. பிறகு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வும் 2010இல், 11 நீதிபதிகள் ஒரு பக்கமும் 6 பேர் மறுபக்கமுமாக, அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வெளிநாட்டில் இருப்பவரின் நிலையும் உள்நாட்டில் இருப்பவரின் நிலையும் ஒப்பிடத்தக்கவை அல்ல என்பது தீர்ப்பின் சாரம். வழக்கு முடிந்துவிட்டது. இனி இது அரசுகள் பேசித் தீர்க்க வேண்டியது. 2025 ஜூலை 24இல் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதையொட்டிப் பேசப்பட்ட சமூகப் பாதுகாப்பு ஏற்பாடு, தற்காலிகப் பணிக்கு அனுப்பப்படுவோர் இரண்டு நாட்டிலும் சந்தா கட்டுவதைத் தவிர்ப்பதற்கானது. திரும்பி வந்த முதியவர்களின் பென்ஷனை அது தொடவில்லை. நம் அரசு அதையும் மேசையில் வைத்திருக்க வேண்டும்.

அட்டை உண்டு, வரப்பு இல்லை

வைகை அணைக்கு ஊரைக் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களை வாழவைத்த ஊர் வடுகபட்டி. கவிஞர் வைரமுத்துவின் குடும்பமும் அப்படி வந்ததுதான். ஊர் எவரிடமும் காகிதம் கேட்டதில்லை. சட்டம் கேட்கும்.

இந்தியர் ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால், 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி அப்போதே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2005இல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்த ஓசிஐ (கடல்கடந்த இந்தியக் குடிமகன்) அட்டை, வாழ்நாள் விசா தருகிறது; எத்தனை ஆண்டு தங்கினாலும் காவல்துறையில் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலமும் தோட்டமும் வாங்க உரிமை இல்லை.

மாமா பெரியகுளம் பக்கம் இரண்டு ஏக்கர் மாந்தோப்புக்கு முன்பணம் கொடுத்துவிட்டார். பத்திரம் எழுதப் போன இடத்தில்தான் விஷயம் தெரிந்தது. முன்பணத்தைத் திரும்ப வாங்க எட்டு மாதம் ஆனது. தாத்தா வழியில் வந்த அரை ஏக்கரை அவர் வைத்துக்கொள்ளலாம். அதை ஒட்டிய வரப்பை வாங்க முடியாது. வீட்டு மனை வாங்கலாம். உழுது வாழ்ந்த குடும்பத்தில் பிறந்தவருக்கு இது எப்படி வலிக்கும் என்பதை அன்று அவர் முகத்தில் பார்த்தேன்.

இந்திய வேர் இல்லாத பிரிட்டிஷ்காரர்களின் நிலை இன்னும் கடினம். ஓய்வுக்காலத்தைக் கழிக்கவென்று இந்தியாவில் தனி விசா கிடையாது. இந்தியரையோ ஓசிஐ அட்டைதாரரையோ மணந்தவர், திருமணத்தைப் பதிந்து இரண்டு ஆண்டு முடிந்த பிறகே ஓசிஐ கேட்கலாம்.

வங்கியும் ஒரு கையெழுத்தும்

மாமாவின் இங்கிலாந்து வங்கி ஒருநாள் கடிதம் போட்டது. முகவரி வெளிநாட்டில் இருப்பதால் கணக்கை மூடப்போகிறார்களாம். பணத்தை மாற்ற ஒருமுறைக் கடவுச்சொல் (ஓடிபி) வேண்டும். அது வருவது பர்மிங்காமில் வாங்கிய பழைய செல்போன் எண்ணுக்கு. அந்த எண்ணோ எப்போதோ செத்துவிட்டது. மகள் அங்கே நேரில் அலைந்து நான்கு மாதத்தில் தீர்த்தாள்.

இங்கேயும் ஒரு தவறு நடந்திருந்தது. நிரந்தரமாகத் திரும்பிய பிறகும், வெளிநாட்டில் வாழ்வோருக்கான பழைய என்ஆர்இ கணக்கையே ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரோடு வந்து தங்கிவிட்டவர் அதை உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்திருக்கும் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்றியாக வேண்டும். வருமான வரிக் கணக்கில் பிரிட்டனில் உள்ள வங்கி இருப்பையும் காட்ட வேண்டிய நிலை வரும். அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது, இங்கே ஏப்ரல் 1இல். இரண்டையும் அறிந்த ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆயுள் சான்றிதழ். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டுப் பென்ஷன் துறை தபாலில் படிவம் அனுப்பும். சாட்சி ஒருவரின் கையெழுத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஒருமுறை அந்தத் தபால் வந்து சேரவே இல்லை, பென்ஷன் நின்றது. மறுபடி படிவம் வரவழைத்து, பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் வந்தது.

மருத்துவத்துக்கும் இதே கதைதான். பிரிட்டனின் இலவச மருத்துவம் அங்கே வசிப்பவருக்கு. பாஸ்போர்ட்டைக் காட்டிப் பெற முடியாது. மாமாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில் ஓடியது கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. உடம்பு திடமாக இருக்கும்போதே மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்று அவரே சொல்வார்.

ஊர் திரும்ப நினைக்கும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் நான் சொல்வது இதுதான். பென்ஷன் தொடங்கும் முன்பே, உறைந்த தொகையில் இருபது ஆண்டு வாழ முடியுமா என்று கணக்குப் போடுங்கள். வங்கியில் இருக்கும் செல்போன் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் வழக்கறிஞரிடம் ஓசிஐ அட்டையைக் காட்டுங்கள். முகவரி மாறினால் முதலில் பென்ஷன் துறைக்கு எழுதுங்கள்.

நான்காவது கட்டம்

பெரியகுளம் தொகுதியில் மாமாவுக்கு ஓட்டு இல்லை. ஆனால் பர்மிங்காமில் உண்டு. வெளிநாடு போய் 15 ஆண்டு ஆனால் ஓட்டுரிமை போய்விடும் என்ற விதியை பிரிட்டன் நீக்கியது. 2024 ஜனவரி 16 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கடைசியாக வாழ்ந்த முகவரியில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். தபால் ஓட்டு வந்து போக நாளாகும் என்பதால், மகளையே பதிலாளாக நியமித்துவிட்டார் மாமா.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த நீள நோட்டில் நான்காவதாக ஒரு கட்டம் கோடு போட்டேன். வந்திருக்க வேண்டிய தொகை. 2013க்கு 440.60. 2014க்கு 452.40. 2015க்கு 463.80. அப்படியே இறங்கி, 2025க்கு 705.80.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இதெல்லாம் வராத காசு மாப்ள. எழுதி என்ன ஆகப்போகுது?”

“உங்களுக்கு அங்க எம்.பி. இருக்காரு மாமா. நீங்க அவரோட வாக்காளர். கேட்டுப் பார்ப்போம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய், பர்மிங்காமிலிருந்து கொண்டுவந்த கடிதத் தாளை எடுத்துவந்தார். முதல் வரியில் 429.80 என்று எழுதினார். அதற்குக் கீழே 705.80.

(தொடரும்)