காலங்கடந்த படச்சுருளும் தரங்கம்பாடிக் கடற்கரையும்

நுழையும்முன்

கைப்பேசியில் ஒரே நாளில் நூறு படங்கள் எடுத்துவிடலாம். ஆயினும், பன்னிரண்டே படங்களுக்கு இடமளிக்கும் கறுப்பு வெள்ளைப் படச்சுருளை, அதுவும் காலாவதியாகிப் பல்லாண்டுகள் ஆன ஒன்றைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்துவோர் இன்றும் உள்ளனர். அச்சுருளுக்குள் நிகழ்வது என்ன, நன்கறிந்த கடற்கரையூர் ஒன்றை அதைக் கொண்டு படமெடுப்பது எவ்வாறு, அப்படத்தை எந்த அளவுக்குச் சான்றாகக் கொள்ளலாம் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெட்டியின் மேல் ஒரு நாள்

மாத்திரை அட்டையில் இருப்பதுபோலவே படச்சுருளின் பெட்டியிலும் ஒரு மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். அதற்குள் படமெடுத்துச் சுருளைக் கழுவிவிட வேண்டும் என்பது உற்பத்தியாளர் கூற்று. அந்நாள் கடந்த மறுகணமே சுருள் கெட்டுவிடுவதில்லை. அதுவரை தரத்திற்கு நாங்கள் பொறுப்பு என்பதே அதன் பொருள். அதன்பின் என்ன நேரும் என்பது, சுருள் எங்கே, எந்த வெப்பத்தில் கிடந்தது என்பதைப் பொறுத்தது.

ஒளிபுகும் மெல்லிய தகட்டின்மேல் ஜெலட்டின் பூசப்பட்டிருக்கும். அப்பூச்சுக்குள் சில்வர் புரோமைடின் நுண்படிகங்கள் எண்ணற்று விரவிக் கிடக்கும். ஒளிபட்டால் சில்வர் புரோமைடு சிதையும் என்பது மாணவர்கள் முன்னரே கற்ற ஒளிச்சிதைவு வினைதான். கேமராவின் ஷட்டர் திறந்து மூடும் நொடிப்பொழுதில் ஒவ்வொரு படிகத்திலும் ஒருசில வெள்ளி அணுக்களே விடுபடுகின்றன. ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஒன்றாய்க் கூடினால் போதும், அப்படிகம் குறியிடப்பட்டதாகிவிடும். நுண்ணோக்கியில் பார்த்தாலும் தென்படாத இப்பதிவை மறைபிம்பம் என்பர். பின்னர் இருட்டறையில் டெவலப்பர் எனும் கரைசல், குறி விழுந்த படிகம் முழுவதையும் கறுத்த வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி மிகுதியாய் விழுந்த இடம் மிகக் கறுக்கிறது. நெகட்டிவில் வானம் கறுத்தும் நிழல் வெளுத்தும் தோன்றுவது இதனால்தான்.

டெவலப்பருக்கு ஒரு குறைபாடு உண்டு. படிகத்தின்மேல் உள்ள குறி ஒளியால் விழுந்ததா, வேறொன்றால் விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. கோடை வெப்பம், காற்றின் ஈரம், விண்வெளியிலிருந்து ஓயாது வரும் காஸ்மிக் கதிர்கள், மண்ணிலும் கல்லிலும் உள்ள இயற்கைக் கதிரியக்கம் ஆகியவையும் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகப் படிகங்களில் குறியிட்டுக்கொண்டே இருக்கின்றன. பெட்டியைத் திறக்காமலே, ஒரு படமும் எடுக்காமலே, சுருள் தானாகச் சிறிது படம்பிடித்துக்கொள்கிறது எனலாம். கழுவும்போது அது நெகட்டிவ் முழுவதும் சாம்பல் நிறத் திரையாகப் படரும். இதற்கு மூட்டம் என்று பெயர். கூடவே, ஒளியை உணரும் திறனும் சுருளில் குறைந்துகொண்டே வரும்.

இவ்விரண்டாலும் முதலில் அடிபடுவது நிழற்பகுதியே. இரைச்சல் மிகுந்த திருவிழாக் கூட்டத்தில் உரக்கப் பேசுபவர் சொல் கேட்கும். மெல்லப் பேசுபவர் சொல் அமிழ்ந்துவிடும். அதுபோல, வெயில்பட்ட சுவரும் வெண்மணலும் மூட்டத்தை மீறித் தெரியும். திண்ணையின் உட்புறமும் குடையின் கீழுள்ள முகமும் அதற்குள் மறைந்துபோகும். ‘புகைப்படம்’ என்ற சொல் பொருத்தமற்றது என்று கருதி ‘ஒளிப்படம்’ என எழுதுவோர் பலர். காலாவதியான சுருளைப் பொறுத்தவரை பழைய சொல்லே பொருந்துகிறது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றும்.

வண்ணச் சுருளுக்கு இந்த முதுமை மேலும் கொடியது. அதில் உள்ள மூவகை அடுக்குகளும் ஒரே சீராக மூப்படைவதில்லை. ஆகவே வண்ணங்கள் திரிந்துபோகின்றன. கறுப்பு வெள்ளைச் சுருளில் திரிவதற்கு வண்ணம் இல்லை. அதிலும், குறைந்த ஒளியில் படமெடுப்பதற்கென்று உருவான வேகமான சுருள்களைவிட, ஏ.எஸ்.ஏ. எண் சிறிதாக உள்ள மெதுவான சுருள்கள் நெடுநாள் தாங்கும்.

இந்தியாவில் இப்பேச்சு உதகமண்டலத்தைத் தொடாமல் நிறைவுறாது. ‘இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்’ என்ற பொதுத்துறை நிறுவனம் 1960இல் தொடங்கப்பெற்று, 1967 முதல் அங்குப் படச்சுருள்களை உற்பத்தி செய்தது. குளிர்ந்த, தூசு குறைந்த மலைக்காற்று அத்தொழிலுக்கு ஏற்றதாயிருந்தது. அதன் சுருள்களின் பெயர் ‘இந்து’. நிலவைக் குறிக்கும் அச்சொல், வெள்ளியால் ஆன படத்துக்கு எத்துணைப் பொருத்தம்! ஆலை இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர் வழங்குகிறது. எண்ணியல் கேமராக்கள் பரவியபின் ஆலை ஓய்ந்தது. ஆகவே, இன்று எவர் கையிலேனும் ஓர் ‘இந்து’ சுருள் கிடைத்தால் அது காலாவதியானதாகவே இருக்கும். ஒன்றைப் பயன்படுத்தினால் உலகில் ஒன்று குறையும்.

தெரியுமா?

சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆந்திரே, 1897இல் இரு தோழர்களுடன் வளிக்கூண்டில் ஏறி வடதுருவம் நோக்கிப் பறந்தார். கூண்டு பனிப்பரப்பில் இறங்கிவிட, மூவரும் நடந்து திரிந்து, ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு தீவில் மடிந்தனர். 33 ஆண்டுகளுக்குப்பின் 1930இல் அவர்தம் உடல்களும் படச்சுருள்களும் கண்டெடுக்கப்பட்டன. ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் அவற்றைக் கழுவி 93 படங்களை மீட்டார். சரிந்து கிடந்த வளிக்கூண்டின் அருகே மனிதர் நிற்கும் காட்சி உலகுக்குத் தெரியவந்தது. மறைபிம்பத்தை அத்தனை ஆண்டுகள் காத்ததில் துருவக் குளிருக்குப் பெரும்பங்கு உண்டு.

அறிந்த ஊரும் அறியாத சுருளும்

சோழமண்டலக் கடற்கரையில் துருவக் குளிருக்கு வழியில்லை. வெப்பமும் உப்பு ஈரமும் சுருளின் பகைவர். எனினும், படமெடுக்கும் நாளில் அதே கடற்கரை பழைய சுருளுக்கு நண்பனாகிவிடுகிறது. ஒளி உணரும் திறன் குன்றிய சுருளுக்கு மிகுந்த ஒளி வேண்டும். அது அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. மணலும் அலைநுரையும் ஒளியை எதிரொளித்து நிழலுக்குள்ளும் செலுத்துகின்றன.

ஒரு பழைய சுருளைச் சோதிக்க விரும்பும் ஒளிப்படக் கலைஞர் புதிய ஊருக்குச் செல்வதைவிட, பலமுறை நடந்து பழகிய ஊருக்குச் செல்வதே நன்று. எடை தெரிந்த படிக்கல்லை வைத்துத்தான் தராசைச் சோதிக்க முடியும். ஊர் எப்படி இருக்கும் என்பது தெரிந்தால்தான், படத்தில் காணும் மங்கல் கடற்பனியால் வந்ததா, சுருளின் மூப்பால் வந்ததா என்று பிரித்தறிய இயலும்.

மயிலாடுதுறை மாவட்டத்துத் தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். டேனியர் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்றுக் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை, கடலைப் பார்த்து நிற்கிறது. நகர வாயிலில் தொடங்கும் இராச வீதி கிழக்கே கடலை நோக்கிச் செல்கிறது. சீகன்பால்கு 1706இல் வந்திறங்கியதும், தமிழ் அச்சுக்கூடம் இயங்கியதும், புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியதும் இவ்வூரில்தான். அவர் கட்டி 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இவ்வீதியில் உள்ளது. கரையோரத்தில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில்; அதன் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

எடுத்துக்காட்டாக, 1994இல் காலாவதியான 100 ஏ.எஸ்.ஏ. சுருள் ஒன்றுடன் கலைஞர் 2024இல் அங்குச் செல்கிறார் என்போம். சாதாரண அறை வெப்பத்தில் கிடந்த சுருளுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை ஒளியை இருமடங்காக்க வேண்டும் என்பது கைமுறை விதி. முப்பதாண்டுக்கு மூன்று முறை இருமடங்கு, அதாவது எட்டு மடங்கு ஒளி வேண்டும். எனவே, சுருளின் எண்ணை 100 என்று கொள்ளாமல் ஏறத்தாழ 12 என்று கொள்ள வேண்டும். நல்ல வெயிலில் துளையை எஃப்-16இல் வைத்து, ஷட்டர் நேரத்தைச் சுருள் எண்ணின் தலைகீழாக வைப்பது வழக்கம். அதன்படி 1/12 நொடி வேண்டும், கை அசைந்துவிடும். துளையை எஃப்-8 வரை இரு படிகள் திறந்தால் 1/50 நொடி போதும்.

இவ்விதி துல்லியமானதன்று. குளிர்பதனப் பெட்டியில் இருந்த சுருளுக்கு இது மிகை. ஓட்டு வீட்டுப் பரணில் இருந்ததற்கு இது போதாது. ஒரே பெட்டியில் பல சுருள்கள் இருந்தால் ஒன்றைச் சோதனைக்கென ஒதுக்கிவிடுதல் அறிவுடைமை. கோட்டைச் சுவரை ஒரே இடத்தில் நின்று, ஒளியை ஒவ்வொரு படியாகக் கூட்டி நான்கைந்து முறை எடுத்துக் கழுவிப் பார்த்தால் அச்சுருளின் உண்மைத் திறன் தெரிந்துவிடும். ஒரே சுருள்தான் உண்டு என்றால், ஒளியைக் குறைத்துத் தவறுவதைவிடக் கூட்டித் தவறுவது மேல். மிகுந்த ஒளியைக் கறுப்பு வெள்ளைச் சுருள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். குறைந்த ஒளியைப் பொறுக்காது.

விடியலிலும் அந்தியிலும் படமெடுப்பதே அழகு என்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. பழைய சுருளுக்கு இது பொருந்தாது. மூட்டம் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைத்துவிடுவதால், அவ்வேறுபாட்டை மிகுவிக்கும் முற்பகல் வெயிலே ஏற்றது. கீழைக் கரையில் ஞாயிறு கடலிலிருந்து எழுகிறது. ஆகவே, முற்பகலில் கடலை முதுகுப்புறமாக வைத்து நின்றால் கோட்டையின் முகப்பு முழு ஒளியில் இருக்கும். மாலையில் அதே முகப்பு நிழலில் ஆழ்ந்துவிடும். அப்போது எடுப்பது சுருளை வீணாக்குவதே.

பன்னிரண்டு படங்கள் என்ற எல்லை கலைஞரை வேறுவிதமாக நடக்கச் செய்கிறது. வீதியின் கோடியிலிருந்து கடற்கரை வரை ஒருமுறை நடந்து, கேமராவை எடுக்காமலே திரும்பி வருவோர் உண்டு. எது வேண்டாம் என்று முடிவு செய்வதற்கே அந்த நடை. கட்டுமரமோ, வலை உலர்த்தும் மணற்பரப்போ நாளையும் இருக்கும். வலை பழுதுபார்க்கும் முதியவரின் இன்றைய முகம் நாளை கிடைக்காது. அத்தகைய ஒன்றை ஐயத்திற்குரிய சுருளை மட்டும் நம்பி எடுப்பது முறையன்று. அவர் வேலையை நிறுத்தி முகம் காட்டியிருக்கிறார். நம்பத்தக்க வேறொரு கருவியிலும் ஒரு படம் எடுத்து அவருக்குக் கொடுப்பதே மரியாதை.

இருட்டறையில்

மூட்டத்தை முற்றிலும் நீக்கும் வழி இல்லை, மட்டுப்படுத்தலாம். டெவலப்பரில் சிறிதளவு பொட்டாசியம் புரோமைடு அல்லது பென்சோட்ரையசோல் சேர்த்தால், வலுவற்ற குறிகளைக் கொண்ட படிகங்கள் மாற்றமடைவது தடைப்படும். ஆனால், மெய்யான ஒளியால் விழுந்த வலுவற்ற குறிகளும் அதில் சிக்கிக்கொள்ளும். களையெடுக்கும்போது சில நாற்றுகளும் பிடுங்கப்படுவது போன்றது இது. கரைசலை 20 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். தமிழகத்துக் குழாய் நீர் பெரும்பாலும் அதைவிடச் சூடாக இருப்பதால், கழுவும் கலத்தைப் பனிக்கட்டி இட்ட நீரில் நிறுத்துவர். பிறகு, ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசல் மாற்றமடையாத சில்வர் புரோமைடைக் கரைத்து அகற்றும். வெள்ளியாகிவிட்ட மூட்டத்தை அது தொடாது.

படம் சொல்லும் காலம்

இவ்வாறு கிடைக்கும் படம் பார்ப்பவரை மயக்கக்கூடியது. மணிமணியான வெள்ளித் துகள்களும் சாம்பல் திரையும் சேர்ந்து, 2024இல் எடுத்த கோட்டையை 1950இல் எடுத்ததுபோலக் காட்டும். கலைக்கண்காட்சியில் இதனால் தீங்கில்லை. தரங்கம்பாடி போன்ற ஊரிலோ இது சிறிய செய்தியன்று. அங்குக் கரையே மாறிக்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அவ்வூரைத் தாக்கியது. கோயிலுக்கும் கடலுக்கும் இடையே எவ்வளவு நிலம் இருந்தது, எப்போது இருந்தது என்ற கேள்விக்குப் பழைய ஒளிப்படங்கள் சான்றாகின்றன. நாளை ஆய்வாளர் ஒருவர் அங்கிருந்த கரையின் அளவைக் கணிக்கப் பல படங்களை அடுக்கிவைத்துப் பார்க்கும்போது, காலாவதியான சுருளில் எடுத்த படத்தை அதன் தோற்றத்தால் அரை நூற்றாண்டு முன்னே தள்ளிவிடக்கூடும். கடல் பின்வாங்கியது போன்ற பொய்க்கணக்கு அதனால் பிறக்கும்.

கைப்பேசிச் செயலிகள் பழைய சாயலைப் போலியாகப் பூசித் தருகின்றன. அவற்றிலாவது, அழிக்காதவரை, படக்கோப்புக்குள் எடுத்த நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். மெய்யான நெகட்டிவில் அதுவும் இல்லை. விளிம்பில் அச்சாகியிருக்கும் பெயரும் எண்ணும் சுருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைச் சொல்லுமேயன்றி, எடுத்த நாளைச் சொல்லா.

ஆகவே, நெகட்டிவைச் செருகி வைக்கும் உறையின்மேல் சில விவரங்களை எழுதுதல் இன்றியமையாதது. சுருளின் பெயர், அதன் காலாவதி ஆண்டு, படமெடுத்த நாளும் மணியும், கொண்ட ஏ.எஸ்.ஏ. எண், கலைஞர் நின்ற இடம், அப்போது கடல் ஏற்றத்தில் இருந்ததா இறக்கத்தில் இருந்ததா என்பன போதும். படம் போடும் தாளின் பின்புறத்திலும் இவற்றைக் குறிக்கலாம். மென்மையான பென்சிலால் எழுதுதல் நலம். கடற்கரைக் காற்றின் ஈரத்தில் மை கசிந்து நெகட்டிவில் இறங்கிவிடும்.