சங்கத்துக் கணிப்பொறியைத் திறக்குமுன்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்கங்களில், பேரேடு இருந்த இடத்தில் இன்று கணிப்பொறி அமர்ந்திருக்கிறது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணிப்பொறி மயமாக்க, ரூ.2,516 கோடித் திட்டத்துக்கு மத்திய அரசு 2022 ஜூன் 29-இல் ஒப்புதல் அளித்தது. ரோஜாத் தோட்டக்காரரின் பயிர்க்கடனும், நெசவாளரின் கூலிக் கணக்கும் இவ்வகைப் பொறிகளில்தான் பதிவாகின்றன. பேரேட்டை அன்னியர் கையில் நாம் என்றும் கொடுத்ததில்லை. ஆயினும் பொறி பழுதுற்றால், வந்தவரிடம் அதை ஒப்படைத்துவிட்டு வேறு அலுவலைக் கவனிக்கச் சென்றுவிடுகிறோம். இது தகாது.

இதனால் விளையும் இடர் கற்பனையன்று. 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பப் பணி செய்துவந்த ஒரு நிறுவனத்தை, கணக்குகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல் தாக்கிற்று. தீங்கு பரவாதிருக்க அந்நிறுவனத்தின் இணைப்பு துண்டிக்கப்படவே, கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக ஏறத்தாழ 300 வங்கிகளின் பணப்பட்டுவாடா தடைப்பட்டது. ஆகஸ்டு 1-இல் அது சீராயிற்று. பொறியைப் பராமரிப்போரிடம் நேரும் சிறு பிழையும் அங்கத்தினரின் அன்றாடப் பிழைப்பைத் தொடும் என்பதற்கு இதுவே சான்று. ஆகவே பழுது பார்ப்பவர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகளை அங்கத்தினர் யாவரும் அறிந்திருப்பது நலம்.

முதலாவது, நகல். தறியில் அச்சைக் கழற்றுமுன், பாவின் இழைகள் கலையாமல் கட்டி வைக்கிறோம் அல்லவா? அதுபோலப் பொறியில் கைவைக்குமுன் கணக்குகளுக்கு நகல் எடுத்தாக வேண்டும். ஒரு நகல் சங்கக் கட்டடத்துக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில் இருக்கட்டும். நகல் எடுத்தாயிற்று என்ற சொல் மட்டும் போதாது. அதிலிருந்து ஒரு கணக்கையேனும் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட் வலிவுடையது. பொத்தானை அணைப்பதோடு நில்லாமல் செருகியையும் பிடுங்கிவிட வேண்டும். பொறிக்குள் உள்ள மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கலாகாது. இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கி நிற்கும். யூ.பி.எஸ். பேட்டரியில் வேலை செய்வோர் மோதிரம், கைக்கடிகாரம் முதலியவற்றைக் கழற்றிவிடுதல் அவசியம். நம் உடலில் சேரும் நிலைமின்னேற்றம் நாம் உணராத அளவினதாயினும் நுண்சில்லுகளைக் கெடுக்கவல்லது. இதற்கெனச் செய்த மணிக்கட்டுப் பட்டையை அணிந்து, மின்னிணைப்பு நீங்கிய பொறியிலேயே வேலை செய்ய வேண்டும். பட்டைக்குப் பதிலாக வெறும் கம்பியைக் கையில் கட்டுவது உயிருக்கே ஆபத்தாகும்.

மூன்றாவது, கடவுச்சொல். காரியதரிசியின் கடவுச்சொல்லைப் பழுது பார்ப்பவர் கேட்கலாகாது, நாமும் கொடுக்கலாகாது. அவருக்கெனத் தற்காலிக அனுமதி ஒன்றை ஏற்படுத்தி, வேலை முடிந்ததும் அதை நீக்கிவிட வேண்டும். நம் எல்லைப்புறத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்குகின்றன. எம்மொழியில் எவர் தொலைபேசியில் அழைத்து, "பழுது நீக்குகிறோம், இந்தச் செயலியை நிறுவுங்கள்" என்று கூறினாலும் உடனே இணங்கலாகாது. அழைப்பைத் துண்டித்து, ஒப்பந்தத்தில் உள்ள எண்ணுக்கு நாமே பேசி உறுதி செய்துகொள்ள வேண்டும். ஏமாந்து பணம் பறிபோனால், தாமதமின்றி 1930 என்ற எண்ணில் முறையிட வேண்டும்.

நான்காவது, பதிவு. வந்தவர் யார், எந்நேரம் வந்தார், எந்த உறுப்பை மாற்றினார் என்பதை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். பின்னால் ஐயம் எழுந்தால், நேர்மையான தொழிலாளியையும் அச்சீட்டே காக்கும். கழற்றிய பழைய நினைவுத்தட்டைச் சங்கத்திலேயே வாங்கி வைப்பது நன்று. கோப்பை அழித்தாலும் எழுத்து உடனே மறைவதில்லை. வல்லார் அதை மீட்டெடுப்பர். எனவே முறையாகத் துடைத்தோ சிதைத்தோ, அதன் பின்னரே பதிவு பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் சேர்க்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் செலவில்லை. நிர்வாகக் குழுவினர் இந்நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பொறியின் அருகே ஒட்டிவைப்பாராக. அடுத்த முறை சங்கத்துக்குச் செல்லும் அங்கத்தினர், நகல் கடைசியாக என்று எடுக்கப்பட்டது என வினவுவாராக. கணக்கு நம்முடையது; கேட்கும் உரிமையும் நம்முடையதே.