மைதானத்தில் சுளுக்கிய கால்

அஸர் தொழுகை முடிந்ததும் கல்முனைப் பகுதி மைதானங்கள் நிறைந்துவிடும். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என எந்த ஊருக்குப் போனாலும் ஒருபுறம் உதைபந்தாட்டம், மறுபுறம் கரப்பந்தாட்டம். இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறார்கள். இதை நாம் மனதார வரவேற்கிறோம்.

ஆனால் ஒரு சம்பவம் எம்மை யோசிக்க வைத்தது. சில வருடங்களுக்கு முன் நாம் ஒழுங்குசெய்த போட்டியொன்றில் இளைஞன் ஒருவனின் பாதம் உட்புறமாக மடிந்தது. நண்பர்கள் காலை இழுத்து உதறினார்கள். தைலம் பூசி அழுத்தி உருவினார்கள். "இரண்டாம் பாதிக்கு இறங்கலாம்தானே, தம்பி?" என்று கேட்டவர்கள் நாமே. அவனும் இறங்கினான். மூன்று வாரங்களில் அதே கால் மீண்டும் மடிந்தது. அந்தப் போகம் வேளாண்மை வெட்டுக்கு அவனால் போக முடியவில்லை. காணியை விட்டு வந்த அந்தக் குடும்பம் அவனுடைய நாட்கூலியையே நம்பியிருந்தது. பிழை எம்முடையது. அதனாலேயே இதை எழுதுகிறோம்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

பாதம் உட்புறமாக மடியும்போது கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைத்திருக்கும் இணையங்கள் இழுபடுகின்றன, சிலவேளை அறுகின்றன. உள்ளே இரத்தம் கசிவதால் வீங்குகிறது. அந்நேரத்தில் இழுத்து உதறுவதும், சூடு வைப்பதும், அழுத்தி உருவுவதும் கசிவைக் கூட்டும். ஆட்டத்தை உடனே நிறுத்துங்கள். அகலமான துணியால் அளவாகச் சுற்றிக் கட்டி, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்த்தி வையுங்கள். விரல்கள் விறைத்தாலோ நீலம் பாரித்தாலோ கட்டைத் தளர்த்துங்கள். மீனுக்கு வைக்கும் ஐஸ் கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். அது நோவைத் தணிக்கும், இணையத்தைக் குணப்படுத்தாது.

எலும்பு முறிந்ததா?

1992இல் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் இதற்கு எளிய சோதனையொன்றை வகுத்தார்கள். கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின் விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்துங்கள். பாதத்தின் வெளி விளிம்பின் நடுவிலுள்ள எலும்பையும், உட்பக்க மேட்டிலுள்ள எலும்பையும் அழுத்துங்கள். இவற்றில் எங்காவது எலும்பிலேயே நோவு இருந்தால், அல்லது நான்கு அடி நடக்க முடியாவிட்டால், எக்ஸ்ரே படம் தேவை. கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு வைத்தியசாலையும் இருக்கின்றன. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். முறிவு வைத்தியரிடம் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. முதலில் படம் எடுத்துப் பாருங்கள் என்றே சொல்கிறோம்.

வேறு இரண்டு அறிகுறிகளையும் அறிந்திருங்கள். முழங்காலில் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் அது வீங்கினால் உள்ளே இணையம் அறுந்திருக்கலாம். யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோலக் குதிகாலுக்கு மேலே வலித்து, அதன்பின் நுனிக்காலில் நிற்க முடியாவிட்டால் குதிநாண் அறுந்திருக்கலாம். இரண்டுக்கும் தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வீக்கம் வற்றினால் போதுமா?

போதாது. எமது இளைஞன் தவறியது இங்கேதான். காயத்தோடு காலின் சமநிலை உணர்வும் குறைகிறது. அதனாலேயே ஒருமுறை மடிந்த கால் மறுபடியும் மடிகிறது. மைதானத்தில் மட்டுமல்ல, ஒடுங்கிய வயல் வரம்பிலும் மடியும். எலும்பு முறியவில்லை என்று தெரிந்தபின், நோவு தாங்கும் அளவுக்குப் பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நில்லுங்கள். அதன்பின் நுனிக்காலில் எழுந்து இறங்குங்கள். நோவில்லாமல் ஒற்றைக்காலில் துள்ளவும், ஓடவும், ஓட்டத்தில் திரும்பவும் முடிந்த பின்னரே ஆட்டத்துக்குப் போகலாம். சிறு சுளுக்குக்கு ஓரிரு வாரம் போதும். இணையம் அறுந்திருந்தால் மாதக்கணக்காகும்.

பொறுமை தோல்வியல்ல. ரத்கமவில் வளர்ந்த லசித் மாலிங்க 2008இல் முழங்கால் காயத்தால் ஓராண்டுக்கு மேல் சர்வதேச ஆட்டங்களில் ஆடவில்லை. 2011இல் அதே முழங்காலைக் காக்கவே டெஸ்ட் போட்டிகளிலிருந்து விலகினார். சுமையைக் குறைத்ததால் 2014இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 2019 உலகக் கிண்ணத்திலும் பந்து வீசினார்.

கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள்

நோர்வேயில் உதைபந்தாடும் சிறுமிகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2008இல் வெளியாயின. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் மெதுவான ஓட்டம், தொடைப் பயிற்சி, ஒற்றைக்காற் சமநிலை, சரியாகத் துள்ளி இறங்குதல் ஆகியவற்றைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் குறைவாக இருந்தன. இதற்குப் பணம் தேவையில்லை.

பெருநாள் போட்டிகளுக்குக் கிண்ணம் வாங்கும்போது இரண்டு மீள்கட்டுத் துணிகளையும் வாங்கி வையுங்கள். காயப்பட்டவரை மீண்டும் இறக்குவதா என்பதை ஆட்டக்காரரிடமோ அணித் தலைவரிடமோ விடாமல், ஆட்டத்தில் இல்லாத ஒரு பெரியவரிடம் ஒப்படையுங்கள். தாய்மாரே, தகப்பன்மாரே, பிள்ளை நொண்டிக்கொண்டு வந்தால் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை மறைப்பான். நான்கு அடி நடந்து காட்டச் சொல்லுங்கள்.