கோட்டையைத் தந்தார்கள், களத்தைத் தரவில்லை

ஐப்பசி மழைக்கு நடுவே திருப்பனந்தாள் பக்கம் போனால், சாலையோரம் தார்ப்பாய் போட்டு மூடிய குறுவை நெல்லைப் பார்க்கலாம். ஈரப்பதம் கூடிவிட்டது, சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று ஏதாவது ஒரு காரணத்துக்காகக் கொள்முதல் நிலைய வாசலில் குடியானவர்கள் காத்துக் கிடப்பார்கள். அறுத்த நெல்லை அளந்து கொடுக்கும்வரை இங்கே யாருக்கும் தூக்கம் வராது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்தத் தஞ்சைச் சீமையில் அளப்பதற்கு முன்பே, கதிர் வயலில் நிற்கும்போதே, அது தன் கடனுக்கு ஈடு என்று சென்னையில் ஒரு வெள்ளைக்காரர் கணக்கு எழுதி வைத்திருந்தார். அந்தக் கணக்கில் தொடங்கிய தகராறு ஒரு கவர்னரின் உயிரோடு முடிந்தது.

1773 செப்டம்பரில் தஞ்சைக் கோட்டை விழுந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலிக்காக அதைப் பிடித்துக் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை. தளபதி ஜோசப் ஸ்மித். மராட்டிய மன்னர் துளஜாஜி சொந்தக் கோட்டைக்குள்ளேயே கைதியானார். கொள்ளிடத்துக்குத் தெற்கே திருப்பனந்தாள் உட்பட அவர் ஆண்ட நாடு முழுவதும் நவாபின் ஆட்களிடம் போனது.

இது வெறும் படையெடுப்பு அல்ல, எழுத்து மூலமான வாக்கை மீறிய செயல். 1762இல் நவாபுக்கும் துளஜாஜியின் தந்தை பிரதாப சிம்மருக்கும் ஓர் உடன்படிக்கை ஆனது. பாக்கி 22 லட்சம் ரூபாயைத் தவணையில் கட்டுவது, பிறகு ஆண்டுக்கு 4 லட்சம் கப்பம் செலுத்துவது என்று ஏற்பாடு. அதற்குப் பொறுப்பாக நடுவில் நின்றது கம்பெனி. நடுவில் நின்றவரே பதினொரு ஆண்டு கழித்து ஒரு தரப்பின் கூலிப்படையாக வந்து கதவை உடைத்தார் என்றால், அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்வியை லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே கேட்டார்கள் என்பதுதான் வியப்பு. தஞ்சையைப் பிடித்தது தவறு என்று அவர்கள் முடிவு செய்தார்கள். கவர்னர் அலெக்சாண்டர் விஞ்சைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். நாட்டைத் திருப்பிக் கொடுக்க 1775இல் உத்தரவு போட்டு, ஜார்ஜ் பிகாட்டை மீண்டும் கவர்னராக அனுப்பினார்கள். 1762 உடன்படிக்கையின்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் இதே பிகாட்தான். அவர் நேரில் தஞ்சைக்கு வந்து 1776 ஏப்ரல் 11 அன்று துளஜாஜியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். 2026 ஏப்ரலோடு அதற்கு 250 ஆண்டுகள்.

அத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் ஒரு சீட்டை நீட்டினார். ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்கிய மனிதர் அவர். நவாப் தனக்குத் தரவேண்டிய கடனுக்காகத் தஞ்சை வருவாயின் மேல் 1,62,000 பவுன் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார். தஞ்சைச் சீமையின் தனியாட்களுக்குத் தான் கொடுத்த கடனுக்காக நின்ற பயிரின் மேல் இன்னும் 72,000 பவுன் வரவேண்டும் என்றார். ஆக, மன்னருக்கு நாடு திரும்பியது. நெல்லின் மேல் இருந்த பிடி அப்படியே இருந்தது.

பிகாட் அந்தச் சீட்டை ஏற்கவில்லை. சென்னைக் கவுன்சிலில் பெரும்பான்மையோர் ஏற்றார்கள். 1776 ஆகஸ்ட் 24 அன்று சொந்தக் கவுன்சிலே கவர்னரைக் கைது செய்தது. அடுத்த ஆண்டு மே மாதம் காவலில் இருந்தபடியே அவர் இறந்தார். கைது செய்தவர்களில் நால்வர் லண்டனில் விசாரிக்கப்பட்டு, ஆளுக்கு 1,000 பவுன் அபராதம் கட்டினார்கள். அவ்வளவுதான் தண்டனை. நவாப் ஆண்ட கர்நாடகச் சீமையின் ஏரி குளங்களையும் இந்தக் கடன்காரர்களையும் சேர்த்து வைத்து எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நெடுநேரம் பேசினார். பென்ஃபீல்டு அதே நாடாளுமன்றத்தில் உறுப்பினராகவும் இருந்தவர்.

தஞ்சைக்கு வந்த சமாதானத்தின் விலையைப் பார்க்க வேண்டும். கோட்டைக்குள் கம்பெனிப் படை தங்கும்; அதன் செலவுக்கு ஆண்டுக்கு 4 லட்சம் வராகன் மன்னர் தருவார். அந்த வராகனும் வயலிலிருந்துதான் வர வேண்டும். அரசுக்கு மேல்வாரம், உழுபவருக்குக் குடிவாரம் என்று களத்திலேயே பங்கு பிரிக்கும் நாட்டில், அரசன் தலையில் ஏறும் சுமை அடுத்த போகத்திலேயே குடியானவன் அம்பாரத்தில் தெரிந்துவிடும். 1799இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியிடமிருந்து ஆட்சியையே எழுதி வாங்கினார்கள். 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மறு ஆண்டு படையோடு வந்து அரண்மனைச் சொத்துக்கு முத்திரை வைத்தார்கள்.

மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். அன்றைய சென்னை உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1859இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. இது அரசுச் செயல். நியாயமோ அநியாயமோ, அதை விசாரிக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நம் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு அது. தஞ்சை ராணி தோற்ற வழக்கு என்று அதைப் படிப்பவர்கள் உண்டு. கேட்க ஆளில்லாத இடத்தில் நியாயம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வைத்த வழக்கு என்றே நான் படிக்கிறேன்.

அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 1907இல், ஹேக் நகரில் போர் விதிகள் எழுதினார்கள். பிடித்த நாட்டில் தனியார் சொத்தைப் பறிமுதல் செய்யக் கூடாது. அரசு நிலத்தின் பலனை அனுபவிக்கலாம், மூலத்தைக் கெடுக்கக் கூடாது. நம் பக்கம் போக்கியத்துக்கு நிலம் வாங்கியவருக்கு உள்ள உரிமை போன்றதுதான் அது: விளைந்ததை எடுக்கலாம், வரப்பை வெட்டி விற்க முடியாது. 1949 ஜெனீவா ஒப்பந்தம் அங்கே வாழும் மக்களுக்கான பாதுகாப்பைச் சேர்த்தது. தன் குடிமக்களைக் கொண்டுபோய் அங்கே குடியேற்றக் கூடாது என்றும் சொன்னது.

2024 ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், 1967 முதல் இஸ்ரேல் பிடித்து வைத்திருக்கும் பாலஸ்தீனப் பகுதிகளில் அதன் இருப்பு சட்டவிரோதம், விரைவில் வெளியேற வேண்டும் என்று கருத்துரை வழங்கியது. காமாட்சி பாய்க்குக் கிடைக்காத ஒன்று, கேட்பதற்கு ஒரு மன்றம், அந்த மக்களுக்குக் கிடைத்தது. செப்டம்பர் 18 அன்று ஐ.நா. பொதுச் சபை பன்னிரண்டு மாதக் கெடு வைத்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 124 நாடுகள் ஆதரித்தன. 14 எதிர்த்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய 43 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இந்தக் கருத்துரையைக் கேட்கலாமா என்று 2022 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தபோதும் இந்தியா ஒதுங்கியே நின்றது.

அரசு சொல்லும் காரணம் தெரியும். பேச்சுவார்த்தைதான் வழி, பிளவை ஆழப்படுத்தக் கூடாது என்பது அது. 2025 செப்டம்பரில் இரு நாட்டுத் தீர்வை வலியுறுத்திய நியூயார்க் பிரகடனத்தை 142 நாடுகளில் ஒன்றாக இந்தியா ஆதரித்ததையும் மறைக்க வேண்டியதில்லை. 1988இல் பாலஸ்தீன நாட்டை ஏற்றுக்கொண்டதும் இதே இந்தியாதான். ஆனால் சமாதானத்துக்குக் கை தூக்கிவிட்டு, ஆக்கிரமிப்பின் சட்டம் பேசும்போது மட்டும் கையை மடியில் வைத்துக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. படை நிற்கும், பயிரின் மேல் சீட்டு நிற்கும், ஆனாலும் சமாதானம் என்று 1776இல் தஞ்சைக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான். சர்வதேசச் சட்டத்தையும் உடன்படிக்கைக் கடமைகளையும் மதிக்கச் சொல்கிறது நம் அரசியல் சாசனத்தின் 51ஆம் பிரிவு. அதை எழுதியவர்கள் அந்நிய ஆட்சியைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தக் கேள்வி உண்டு. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறிய குடும்பங்களுக்கு, இலங்கை ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன தோட்டங்களில் ஒரு பகுதி கால் நூற்றாண்டு கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. மிச்சத்துக்குக் காத்திருந்தவர்கள் பலர் முகாமிலேயே கண்ணை மூடினார்கள். சொந்த நாட்டுப் படை என்பதால் சட்டத்தின் கண்ணில் அது அயலார் ஆக்கிரமிப்பு அல்ல. வேலிக்கு வெளியே நின்று, தன் கிணற்றுத் தண்ணீரில் வேறொருவர் பயிர் வைப்பதைப் பார்த்தவருக்கு அந்த வேறுபாடு எந்த ஆறுதலும் தராது.

பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் ஒலிவ அறுவடை தொடங்குவது அக்டோபரில், நம் ஐப்பசியை ஒட்டி. திருப்பனந்தாளில் தார்ப்பாயின் ஓரத்தைக் கல் வைத்து அழுத்திவிட்டு லாரிக்காகக் காத்திருக்கும் அதே நாட்களில், அங்கே தடுப்புச் சுவரின் வாயிலில் ஏணியும் சாக்குமாகக் குடியானவர்கள் நிற்கிறார்கள். பாட்டன் வைத்த மரம் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. காய் பறிக்கப் போவதற்கு இஸ்ரேல் ராணுவத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும்.