தண்டவாளத்து ஊர்கள் – 12: மலைப்பாதை யாருடையது?

போன வாரம் தஞ்சை ஜில்லாவின் கிளைப்பாதைகளைப் பார்த்தோம். இந்த வாரம் மேற்கே, மலை தாண்டி வருவோம். கொல்லத்திலிருந்து புனலூர், தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை இறங்கும் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்துக் கரமனையில் இருந்துகொண்டு அந்தப் பாதையைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு ஒரு காலத்தில் வெளியூர் போக இருந்த ஒரே ரயில்வழி அதுதான்.

1876இல் மணியாச்சியிலிருந்து கிளை பிரிந்து திருநெல்வேலிக்கு ரயில் வந்துவிட்டது. ஆனால் கரமனைக்காரர்கள் அந்த ரயிலைப் பிடிக்க, நாகர்கோவில் போய், ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து, திருநெல்வேலி வரை மாட்டுவண்டியில் போயாக வேண்டும். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் இப்படித்தான் போய் வந்தார்கள். கரமனை ஆற்றைத் தாண்டித் தெற்கே போகும் அந்தச் சாலைதான் இவ்வூரைத் தமிழ்நாட்டோடு கட்டிவைத்திருந்தது.

மலையைக் குடைந்து ரயில் விட வேண்டும் என்ற பேச்சு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. கொல்லம் துறைமுக நகரம். மலையில் தேயிலையும் மரமும் மிளகும் ஏலமும் இருந்தன. கிழக்கே நெல்லும் கால்நடையும் இருந்தன. இரண்டையும் இணைத்தால் வியாபாரம் பெருகும் என்று திருவிதாங்கூர் அரசு கணக்குப் போட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனி, லண்டனில் இயக்குநர்களும் திருச்சியில் தலைமை அலுவலகமும் வைத்திருந்த தனியார் நிறுவனம். லாபம் உறுதியில்லாத மலையில் அது தானாக இறங்கியிருக்காது. திருவிதாங்கூர் நிலத்தைக் கொடுத்தது. போட்ட முதலுக்கு வட்டி குறையாமல் பார்த்துக்கொள்வதாகப் பொறுப்பும் ஏற்றது. சென்னை மாகாணமும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகே வேலை நகர்ந்தது.

திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு 1902இல் ரயில் வந்தது, செங்கோட்டைக்கு 1903இல். மேற்கே கொல்லம்–புனலூர் துண்டு 1904 ஜூன் 1 அன்று தனியாகவே ஓடத் தொடங்கியது. நடுவில் மலை இருந்தது. அந்த மலையில் குகைகளைக் குடைந்து, ஓடைகளுக்கு மேல் பாலங்களைக் கட்டி, 1904 நவம்பர் 26 அன்று இரண்டு முனைகளையும் சேர்த்தார்கள். கழுதுருட்டிக்கு அருகே கருங்கல்லில் கட்டிய பதிமூன்று கண் பாலம் இன்றும் ரயிலைத் தாங்கி நிற்கிறது. கீழே கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலை ஓடுகிறது, மேலே ரயில். அகலப்பாதையாக மாற்றியபோதும் அதை இடிக்கவில்லை. வலுப்படுத்தி அப்படியே பயன்படுத்துகிறார்கள். சரிவு அவ்வளவு கடுமையாக இருப்பதால், இன்றும் அந்த மலையில் வண்டியின் பின்னாலிருந்து தள்ள இன்னொரு என்ஜின் வேண்டும்.

திருவனந்தபுரத்துக்கு மட்டும் ரயில் உடனே வரவில்லை. 1904க்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் அது கொல்லத்திலேயே நின்றுவிட்டது. தலைநகரத்துக்காரர்கள் வள்ளக்கடவில் வள்ளம் ஏறி, பார்வதி புத்தனாற்றிலும் காயல்களிலும் வர்க்கலைத் துரப்பு எனப்படும் சுரங்கக் கால்வாய்களுக்குள்ளும் பயணம் செய்து கொல்லம் சேர்ந்து, அங்கே ரயில் பிடித்தார்கள். 1918இல் பாதை திருவனந்தபுரத்துச் சாக்கை வரை வந்தது. தம்பானூரில் கல்லால் கட்டிய நிலையம் 1931 நவம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. அன்றுதான் கரமனையிலிருந்து நடந்தே ரயில் நிலையம் போக முடிந்தது.

அதன் பிறகு ஒரு தலைமுறைக்கும் மேல், திருவனந்தபுரத்தில் ரயில் ஏறி மதராஸுக்கோ மதுரைக்கோ போகிறவர் யாராக இருந்தாலும், முதலில் வடக்கே கொல்லம் போய், பிறகு கிழக்கே திரும்பி, புனலூரும் செங்கோட்டையும் தென்காசியும் பார்த்துத்தான் போக வேண்டும். கொல்லம்–எர்ணாகுளம் பாதை முழுதாக முடிந்தது 1958இல். அதுவரை இந்த ஊருக்கு வேறு ரயில்வழியே இல்லை. கிளைப்பாதை என்று இன்று சொல்கிறோம். அன்று தலைநகரத்தின் உயிர்நாடி அதுவே.

இந்தப் பாதையின் விதியை மாற்றியது ரயில்வே மட்டுமல்ல, 1956 நவம்பர் 1இல் நடந்த எல்லைப் பிரிப்பும்தான் என்று நான் நினைக்கிறேன். அதுவரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. மலைப்பாதை முழுவதும், அந்தப் பக்கச் சரிவும் இந்தப் பக்கச் சரிவும், ஒரே அரசின் கீழ் இருந்தது. அந்த அரசு அதற்குப் பணம் போட்டிருந்தது; வருவாயில் அக்கறை இருந்தது; நட்டம் வந்தால் பதில் சொல்ல வேண்டிய கடமையும் இருந்தது. செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகு, மாநில எல்லை மலைமுகட்டுக்கு நகர்ந்தது. கம்பெனியின் கையிலிருந்த நிர்வாகம் 1944இல் அரசின் கைக்கும், 1951இல் தெற்கு ரயில்வேயின் கைக்கும் மாறியிருந்தது. அதனால் 1956க்குப் பிறகு, ரயில் பாதை தில்லியின் சொத்து, நிலம் இரண்டு மாநிலங்களின் சொத்து, பயணம் மட்டும் மக்களுடையது.

விளைவு மெல்லத் தெரிந்தது. 1976இல் எர்ணாகுளம்–திருவனந்தபுரம் பாதை அகலமாக்கப்பட்டது. மலைப்பாதை மீட்டர் கேஜாகவே இருந்ததால், அதன் வண்டிகள் கொல்லத்தோடு நின்றன. தம்பானூரில் ஏறி செங்கோட்டை போகிறவர் கொல்லத்தில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வண்டி மாற வேண்டியதாயிற்று. 1979இல் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி அகலப்பாதையும், 1981இல் நாகர்கோவில்–திருநெல்வேலிப் பாதையும் வந்தன. கரமனை வழியாகத் தெற்கே ரயில் ஓடியது நமக்கெல்லாம் பெரிய நன்மை. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் தலைநகரம் தன் பழைய மலைவழியை மறந்தது அந்த வேளையில்தான்.

2010 செப்டம்பரில் புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் வண்டிகள் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டன. மலையில் வேலை கடினம் என்பதை யாரும் மறுக்க முடியாது. என்றாலும் 2018 ஜூனில்தான் முழுப்பாதையும் முறைப்படித் திறக்கப்பட்டது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஆரியங்காவு, தென்மலை மக்களுக்கும், குற்றாலம் போகிறவர்களுக்கும், ஐயப்பன் கோயில்களுக்கு வருகிறவர்களுக்கும் பஸ்ஸும் லாரியுமே கதி. பாவூர்சத்திரத்துக் காய்கறி கேரளத்துக்கு லாரியில் ஏறியது. ரயில் திரும்பியதும் கூட்டமும் திரும்பியது. கொல்லம்–சென்னை எக்ஸ்பிரஸ் வந்தது. பாலருவி எக்ஸ்பிரஸ் நெல்லைக்கு நீண்டது. பயணிகள் இல்லாமல் பாதை தூங்கவில்லை. கேட்பவருக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் நாற்காலி இல்லாததால் தூங்கியது.

இந்த நாற்காலியைச் சிலர் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஜப்பானின் வாக்காயாமா மாநிலத்தில் கிஷிகாவா பாதை 14.3 கிலோமீட்டர் நீளம். 2004இல் அதை நடத்திய நான்காய் கம்பெனி, நட்டம் தாங்காமல் கைவிடப்போவதாக அறிவித்தது. ஊர்மக்கள் சங்கம் கூட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தார்கள். மாநில அரசு நிலத்தின் செலவை ஏற்றது. பாதையோர உள்ளாட்சிகள் பத்து ஆண்டுகளுக்கு நட்டத்தைப் பகிர்ந்துகொள்ள ஒப்புக்கொண்டன. 2006இல் ஒகயாமாவிலிருந்து ஒரு போக்குவரத்து நிறுவனம் வந்து, வாக்காயாமா மின்ரயில் என்ற பெயரில் நடத்தத் தொடங்கியது. மறு ஆண்டு கிஷி நிலையத்தில் டாமா என்ற பூனையை நிலைய அதிகாரியாக நியமித்ததை உலகமே அறியும். பூனையைப் பார்க்கவே ஆட்கள் ரயிலேறினார்கள். ஆனால் பூனைக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்தது மக்களின் பங்குதான். அது இல்லாமல் பூனை உட்கார நிலையமே இருந்திருக்காது.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. போன வாரம் சொன்ன மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையை 1894இல் சொந்தமாக அமைத்தது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து மக்களிடம் ஒரு சிறு வரி வாங்கி, சேர்த்த பணத்தில் அமைத்தார்கள். ஓட்டும் வேலையைக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். உடைமையைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். பாதை பிறகு அறந்தாங்கி வரை நீண்டது.

ஆகவே நான் கேட்பது இது. கொல்லம்–செங்கோட்டைப் பாதைக்கு, கொல்லம், தென்காசி இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து ஒரு நிரந்தர அவை வேண்டும். கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் உண்டு. ஆனால் அவற்றிடம் பணமும் பொறுப்பும் இல்லை. இந்தப் பாதையின் பெரும்பகுதி மதுரைக் கோட்டத்தில் வருவதால், கேரளப் பக்கத்து ஊர்க்காரர் தன் குறையைச் சொல்ல மலை தாண்ட வேண்டியிருக்கிறது. இரண்டு மாநில அரசுகளும், பாதையோர நகராட்சிகளும் பஞ்சாயத்துகளும் ஆளுக்குச் சிறு தொகை போடட்டும். நேரப்பட்டியல், நிறுத்தங்கள், சரக்கு, சுற்றுலா வண்டி ஆகியவற்றில் அந்த அவைக்கு எழுத்துப்பூர்வமான குரல் இருக்கட்டும். பணம் போட்டவனுக்குக் கேள்வி கேட்கும் உரிமை வரும். ஒரு நூற்றாண்டுக்கு முன் திருவிதாங்கூர் அரசு வட்டிக்குப் பொறுப்பேற்றதால்தான் அந்த மலையில் ரயில் ஏறியது. அதே பொறுப்பை இன்று ஊர்கள் ஏற்றால், இன்னொரு எட்டாண்டு மூடலுக்கு யாரும் எளிதில் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

திருவனந்தபுரத்துக்கும் இதில் கடன் இருக்கிறது. தன் வடக்கு வாசலும் தெற்கு வாசலும் திறந்துவிட்டன என்பதற்காக, கிழக்கு வாசலைப் பிறர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடக்கூடாது. செங்கோட்டை வழியாக நேரடி வண்டி கேட்கும் மனு எழுதப்படுமானால், கரமனையின் கையெழுத்துகள் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: 1924 வெள்ளத்தோடு போன மூணாறு ரயில்)