உங்களுக்குத் தெரியுமா? அடுக்கைத் திருப்பினால் மடக்கை!

■ 2³ = 8. இதையே மறுபுறமிருந்து கேட்போம்: 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 8 கிடைக்கும்? விடை 3. இந்த மறுகேள்விதான் மடக்கை. அடுக்குக்குறிச் சார்பின் நேர்மாறு அதுவே.

■ மடக்கையின் வரைபடத்துக்குப் புதுக் கணக்கே வேண்டாம். 2-இன் அடுக்குகளுக்கான வளைவரையில் (0, 1), (1, 2), (2, 4), (3, 8) ஆகிய புள்ளிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எண்களை இடம் மாற்றுங்கள்: (1, 0), (2, 1), (4, 2), (8, 3). இவற்றை இணைத்தால் மடக்கை வளைவரை தயார். ஆதிப்புள்ளி வழியே 45 பாகையில் ஏறும் கோட்டில் தாளை மடித்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்.

■ அடுக்கு வளைவரை கிடை அச்சை நெருங்கும், தொடாது. மடக்கை வளைவரை செங்குத்து அச்சை அதேபோல் நெருங்கும். பூச்சியத்துக்கும் குறை எண்களுக்கும் மெய்யெண் மடக்கை இல்லை என்பதைப் படமே காட்டிவிடுகிறது.

■ அடுக்குக்கு உயர்த்தப்படும் எண், அதாவது அடிமானம், 2 என்றால் இரு வளைவரைகளும் சந்திப்பதே இல்லை. அடிமானத்தை √2 ஆக்கினால் (2, 2), (4, 4) என இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும்!

■ ஓர் அலகுக்கு 1 செ.மீ. என்று கொண்டால், 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை வளைவரை 30 செ.மீ. உயர்வதற்குத் தாளின் நீளம் சுமார் 10,737 கி.மீ. இருக்க வேண்டும்!

■ ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்ட ஆண்டு 1614. அடுக்கின் நேர்மாறே மடக்கை என்ற இன்றைய பாடம் கணிதவியலாளர் ஆய்லரின் 1748-ஆம் ஆண்டு நூலால் நிலைபெற்றது. அட்டவணை முந்திக்கொண்டது, விளக்கம் பின்னால் வந்தது.